டிங்கி என்று நினைத்த ஐந்து நாட்கள்: சபா காட்டோரத்தில் எனக்கு வந்த குரங்கு மலேரியா

நான் நில அளவையாளன். பேராக் மாநிலத்தில் ஒரு பழைய இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கடந்த ஆண்டு, போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சபாவின் வடக்கே கோத்தா மருடு மாவட்டத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் மறுநடவுப் பகுதிக்கு எல்லை அளந்து தரும் வேலையை மூன்று வாரத்துக்கு ஒப்புக்கொண்டு தனியாகச் சென்றேன். அங்கிருந்து திரும்பியதும் கோத்தா கினபாலுவில் ஒரு வாடகை அறையில் காய்ச்சலோடு ஐந்து நாள் கிடந்தேன். அந்த ஐந்து நாளில் ஒரு மருந்தகத்துக்கு இரண்டு முறையும் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஒரு முறையும் போயும் நோய் இன்னதென்று தெரியவில்லை. ஆறாம் நாள் அரசு மருத்துவமனையில் தெரிந்தபோது என் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. புறப்படும்முன் யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. காட்டோரம் வேலைக்குப் போகும் அடுத்தவருக்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் அளந்த நிலம் காட்டை ஒட்டியது. ஒரு பக்கம் வெட்டிச் சாய்த்த பழைய செம்பனை மரங்கள், மறுபக்கம் அடர்ந்த காடு, நடுவில் இடுப்பளவு புல். பகல் வெயிலில் கருவியின் வழியே குறி பார்ப்பது கடினம் என்பதால் காலையிலும் மாலையிலும்தான் வேலை ஓடும். மாலை ஐந்தரைக்கு மேல் காட்டோரக் கற்களைக் குறித்துவிட்டு, ஆறரை மணிவாக்கில் கருவிகளைக் கட்டுவோம். பிறகு ஓடையில் குளியல், அதன்பின் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில் எட்டு மணிவரை உட்கார்ந்து வீட்டோடு பேச்சு. கொசுக்கடி இருந்தது. ஆனால் தொல்லை என்று சொல்லும் அளவுக்கு இல்லாததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இரவில் வலைக்குள்தான் படுத்தேன், அது போதும் என்று நம்பினேன். மாலையானால் நீண்ட வால் குரங்குகள் கூட்டமாகச் செம்பனைப் பழம் பொறுக்க இறங்கும். அவற்றை மலாயில் கெரா என்பார்கள். குட்டைவால் கொண்ட பெரோக் குரங்குகளையும் சில நாள் கண்டோம். நான் அவற்றைப் படம் பிடித்து என் பிள்ளைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை கோத்தா கினபாலுவுக்குத் திரும்பினேன். அறிக்கை எழுதி முடித்து வியாழக்கிழமை கோலாலம்பூருக்கு விமானம் ஏறுவதாகத் திட்டம். செவ்வாய் இரவு திடீரென்று குளிர் நடுக்கியது. போர்வையோடு துண்டையும் சேர்த்துப் போர்த்தியும் பல் கிட்டியது. ஒரு மணி நேரத்தில் உடல் கொதித்தது, பின்னிரவில் வியர்த்து ஓய்ந்தது. காலையில் ஓரளவு தெளிவாக இருந்ததால் அலைச்சல் காய்ச்சல் என்று நினைத்துப் பக்கத்து மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் டிங்கிக்கான (டெங்குக் காய்ச்சலுக்கான) பரிசோதனை செய்தார். இல்லை என்று வந்தது. பாராசிட்டமோல் கொடுத்து, இரண்டு நாளில் குறையாவிட்டால் வரச் சொன்னார். நான் காட்டோரம் மூன்று வாரம் இருந்ததை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த இடத்தில் என் தவறும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. காய்ச்சலோடு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர், கடந்த ஒரு மாதத்தில் எங்கே இருந்தேன், என்ன வேலை செய்தேன், எந்த நேரத்தில் வெளியே இருந்தேன் என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் முதல் வாக்கியமாகவே சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமை விமானத்தை விட்டேன். எழுந்து குளியலறைக்கு நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. வெள்ளியன்று அதே மருந்தகத்தில் இரத்தம் எடுத்தபோது இரத்தத் தட்டணுக்கள் எழுபதாயிரத்துக்கு இறங்கியிருந்தன. அந்த எண்ணைப் பார்த்ததும் டிங்கிச் சந்தேகம் உறுதிப்பட்டதுபோல் ஆகிவிட்டது. முதல் பரிசோதனை தவறியிருக்கலாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள், நாளை மீண்டும் எண்ணிப் பார்ப்போம் என்றார்கள். மலேசியாவில் டிங்கி எங்கும் இருப்பதால் அப்படி நினைத்தது புரியக்கூடியதுதான். ஆனால் தட்டணு இறங்குவது டிங்கிக்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல. எனக்கு வந்த நோயிலும் ஏறக்குறைய எல்லாருக்கும் தட்டணு இறங்கும். இதைத் தெரியாமல் நான் மூன்று நாளாக இளநீர் குடித்துக்கொண்டு எண் ஏறுவதற்காகக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஒரு செவிலியர்தான் காட்டுக்குப் போனீர்களா என்று முதன்முதலாகக் கேட்டார். உடனே விரல் நுனியில் ஒரு துளி எடுத்து மலேரியா அட்டைப் பரிசோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. மருத்துவர், நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டது, எனவே அந்தக் கவலை வேண்டாம் என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டு நிம்மதியோடு அறைக்குத் திரும்பியதை இன்று நினைத்தாலும் நெஞ்சு பதைக்கிறது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியே பரவும் மலேரியா, மலேசியாவில் 2018 முதல் உள்நாட்டு நோயாகப் பதிவாகவில்லை. 1990களில் சபாவில் மட்டும் ஆண்டுக்குப் பல்லாயிரம் பேரை வீழ்த்திய நோய் அது. அதை விரட்டியது பெரிய சாதனை. ஆனால் அந்த மலேரியா இறங்க இறங்க, வேறொரு மலேரியாவின் கணக்கு ஏறிக்கொண்டே வந்தது. பிளாஸ்மோடியம் நோலெசி என்ற அந்த ஒட்டுண்ணி குரங்குகளின் இரத்தத்தில் வாழ்வது. குரங்கைக் கடித்த கொசு மனிதரைக் கடிக்கும்போது நமக்கு வருகிறது. 2018இல், உள்நாட்டு மனித மலேரியா ஒன்றுமே பதிவாகாத அதே ஆண்டில், 4,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இது கண்டறியப்பட்டது. அதில் இறந்தவர்களும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்திடமிருந்து மலேரியா அற்ற நாடு என்ற சான்று மலேசியாவுக்கு இன்னும் கிடைக்காததற்கு இதுவே காரணம். இல்லாத நோய் என்று நம்புகிற இடத்தில் இருக்கும் நோய், இருப்பதாகத் தெரிந்த நோயைவிட ஆபத்தானது என்பதை நான் உடலால் அறிந்தேன்.

அட்டைப் பரிசோதனை ஏன் ஏமாற்றியது என்பதைப் பின்னர் ஆய்வகத்தில் பணிபுரியும் ஒருவர் எனக்கு விளக்கினார். கடைகளிலும் மருந்தகங்களிலும் கிடைக்கும் அட்டைகள் பால்சிபாரம், வைவாக்ஸ் என்ற மனித மலேரியா வகைகளைப் பிடிக்க உருவாக்கப்பட்டவை. நோலெசியைச் சில சமயம் பிடிக்கும், ஒட்டுண்ணி குறைவாக இருக்கும்போது பல சமயம் தவறவிடும். ஆகவே காட்டோரம் போய்வந்தவருக்கு அட்டையில் இல்லை என்று வந்தால் அது முடிவல்ல. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மலேசியாவில் அதை பி.எஃப்.எம்.பி. என்பார்கள். முதல் தகட்டில் ஒன்றும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் நீடித்தால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டும். நுண்ணோக்கியிலும் ஒரு சிக்கல் உண்டு. நோலெசியின் இளம் பருவம் பால்சிபாரத்தைப் போலவும், முதிர்ந்த பருவம் மலேரியே என்ற மெதுவான வகையைப் போலவும் தோன்றும். எது என்று உறுதியாகச் சொல்ல பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை வேண்டும். பல்பீர் சிங், ஜானட் காக்ஸ்-சிங் ஆகியோரின் சரவாக் குழு கபிட்டில் அப்படிச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டபோதுதான், மலேரியே என்று எழுதப்பட்டு வந்த பலரின் நோய் உண்மையில் நோலெசி என்று தெரிந்தது. அவர்கள் சோதித்த 208 நோயாளிகளில் 120 பேருக்கு அது இருந்தது. இயற்கையாக இந்நோய் மனிதருக்கு வந்தது முதன்முதலில் அறியப்பட்டது 1965இல். பஹாங் காட்டில் பணிபுரிந்த அமெரிக்கர் ஒருவருக்கு வந்தது. அவரும் நில அளவையாளர் என்று படுக்கையில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஞாயிறு மாலை நிலைமை முற்றியது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது. கண்ணாடியில் பார்த்தால் விழி மஞ்சள். மனைவியிடம் கைப்பேசியில் பேசும்போது ஒரே செய்தியை மூன்று முறை சொல்லியிருக்கிறேன். "என்னங்க, இதையேதான் இப்பவும் சொன்னீங்க, யாரையாவது கூப்பிடுங்க" என்று அவள் அழுதாள். அதுவரை டிங்கி சாதாரணமாகத்தான் இருக்கிறது என்று அவளிடம் மறைத்துவந்தேன். இரண்டு சிறு பிள்ளைகளோடு அவளால் கடல் தாண்டி வர முடியாது என்பதால் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். அது பெரிய பிழை. தனியாக நோயுற்றிருப்பவரின் தெளிவு குறைவதை அவரால் கண்டுகொள்ள முடியாது, தினமும் பேசும் இன்னொருவருக்குத்தான் தெரியும். தனியாக வெளியூர் போகிறவர்கள் காய்ச்சல் அளவை மணியோடு எழுதி வீட்டில் ஒருவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நான் எழுதி வைத்திருந்தால், காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் அல்லாமல் தினமும் ஒரே நேரத்தில் ஏறுவதை மருத்துவர்களும் பார்த்திருப்பார்கள்.

தினமும் ஏறுவதுதான் இந்த நோயின் இயல்பு. மனித மலேரியா ஒட்டுண்ணிகள் இரத்தத்தில் ஒரு சுற்றுப் பெருக 48 மணி நேரமோ 72 மணி நேரமோ எடுத்துக்கொள்ளும். நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். இன்று தாமதித்தால் நாளை பல மடங்கு என்பது இங்கே சொல்லளவில் அல்ல, கணக்கிலேயே உண்மை. அறை உரிமையாளரான, சபாவின் கடஸான் இனத்து அம்மையார் தம் காரில் ஏற்றி அன்றிரவு என்னை அரசு மருத்துவமனையில் சேர்த்தார். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, எங்கிருந்து வருகிறீர்கள் என்பதல்ல, என்ன வேலை செய்கிறீர்கள் என்பது. பதிலைக் கேட்டதும் தகட்டை அனுப்பினார். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது: ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் முப்பத்தெட்டாயிரம் ஒட்டுண்ணிகள், தட்டணுக்கள் முப்பத்தோராயிரம், சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருக்கிறது, மஞ்சள் காமாலை. அவர் பெயர் சொன்ன நோயைக் கேட்டு எனக்குப் பயம் வருவதற்குப் பதிலாகக் கண்ணீர் வந்தது. ஐந்து நாளுக்குப் பிறகு ஒருவருக்கு என் உடலில் நடப்பது புரிந்திருக்கிறது என்ற உணர்வு அது.

ஆர்ட்டிசுனேட் ஊசியை நரம்பில் ஏற்றினார்கள். முதல் ஊசி, பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டாவது, இருபத்து நான்காவது மணியில் மூன்றாவது, பிறகு நாளுக்கு ஒன்று. இரண்டாம் நாளே ஒட்டுண்ணி எண்ணிக்கை சரிந்தது. வாயால் சாப்பிட முடிந்ததும் ஆர்ட்டிமீதர்–லூமிஃபான்ட்ரின் மாத்திரை மூன்று நாளுக்கு. அதை வெறும் வயிற்றில் விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது, பாலோடு அல்லது கொழுப்புள்ள உணவோடு சாப்பிட வேண்டும் என்று செவிலியர் ஒவ்வொரு வேளையும் நின்று பார்த்தார். மருந்துகளைச் சரியாக முடித்தால் இந்த வகை முழுமையாகக் குணமாகும். வைவாக்ஸ்போல் கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வராது. ஆனால் ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்களில் சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சிவப்பணுக்கள் சிதைவதுண்டு. ஆகவே வீட்டுக்கு வந்த பின்னும் நாலைந்து வாரம் இரத்தச் சோதனையைத் தவறவிடக்கூடாது. நலமாகத்தானே இருக்கிறோம் என்று நான் ஒரு சோதனையை விட இருந்தேன், மனைவி விடவில்லை.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் ஓர் இந்தோனேசியத் தொழிலாளி. அவருக்கும் நோலெசிதான். என்னைவிடத் தாமதமாக வந்திருந்தார். மருத்துவமனைக் கட்டணத்துக்கும் ஆவணச் சோதனைக்கும் அஞ்சி ஒரு வாரம் குவாட்டர்ஸிலேயே இருந்தாராம். அறியாமையால் நான் இழந்த நாட்களை அவர் அச்சத்தால் இழந்திருந்தார். குடியுரிமை உள்ளவன் என்பதால் ஆறு நாள் வார்டில் இருந்தும் என் கட்டணம் 50 ரிங்கிட்டைத் தாண்டவில்லை. அதற்கு முன் தனியார் இடங்களில் செலவழித்தது 1,045 ரிங்கிட். விட்ட விமானமும் புதிய டிக்கெட்டும் 942. சாமான்கள் கிடந்த அறைக்கு 12 நாள் வாடகை 1,320. கையைவிட்டுப் போன இரண்டு ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 9,000. நின்று வேலை செய்யும் வலு வர இரண்டு மாதம் ஆனது. காய்ச்சல் நீடித்தால் பெரிய அரசு மருத்துவமனைக்கு முதலிலேயே போங்கள் என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. சபாவிலும் சரவாக்கிலும் அங்குள்ள ஆய்வகங்களில்தான் இந்த ஒட்டுண்ணியைத் தினமும் பார்த்துப் பழகிய கண்கள் இருக்கின்றன. தீபகற்பத்துக்குத் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கடித்த நாளிலிருந்து நோய் தெரிய பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் நாம் காட்டை மறந்து ஈப்போவிலோ கிள்ளானிலோ ஒரு மருந்தகத்தில் உட்கார்ந்திருப்போம்.

நான் வார்டில் இருந்தபோதே மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து இருவர் வந்தார்கள். மலேரியா சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். எந்தக் கல்லருகே எத்தனை மணிக்கு நின்றேன் என்பதுவரை கேட்டார்கள். அவர்களிடமிருந்து அறிந்ததுதான் எனக்கு மிகவும் உறைத்தது. சபாவில் இதைப் பரப்பும் அனோபிலிஸ் பாலபாசென்சிஸ் கொசு வீட்டுக்கு வெளியே கடிப்பது. அது மிகுதியாகக் கடிக்கும் நேரம் மாலை ஆறு மணியிலிருந்து எட்டுவரை. நான் கருவியைக் கட்டியதும் குளித்ததும் மேட்டில் உட்கார்ந்து பேசியதும் சரியாக அந்த நேரம். இரவு பத்து மணிக்கு நான் ஒழுங்காகக் கட்டிய வலை, நடந்து முடிந்ததற்குப் பின் கட்டிய வலை. வலை வேண்டாம் என்று சொல்லவில்லை, வலை மட்டும் போதாது என்கிறேன். பொழுது சாயும்முன் காட்டோரத்தை விட்டு வந்துவிட வேண்டும். முடியாவிட்டால் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, காலுறை, வெளித்தெரியும் தோலில் டீட் கலந்த கொசுவிரட்டி. வியர்த்தாலோ குளித்தாலோ திரும்பப் பூச வேண்டும். தங்குமிடத்தைச் சுற்றிப் புல்லை வெட்டச் சொல்ல வேண்டும், கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வலைக்கம்பி கேட்க வேண்டும், திண்ணையில் தூங்கக்கூடாது. முன்கூட்டியே தடுப்பு மாத்திரை தேவையா என்பதைப் புறப்படும்முன் மருத்துவரிடம் கேட்பதும் நல்லது.

குரங்குகள்மீது கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. குடாட், கோத்தா மருடு மாவட்டங்களில் நடந்த ஆய்வு, சுற்றிலும் அண்மை ஆண்டுகளில் காடு அதிகம் அழிந்த கிராமங்களில் இந்நோய் அதிகம் என்று காட்டியது. காட்டைத் துண்டாக்கும்போது குரங்கும் கொசுவும் மனிதரும் ஒரே விளிம்பில் வந்து நிற்கிறோம். நான் அளந்ததே அந்த விளிம்பைத்தான். இது நம் சமூகத்துக்குப் புதிய கதையும் அல்ல. என் பாட்டி தோட்டத்துக் குளிர்காய்ச்சலைப் பற்றியும், வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்த கொய்னா மாத்திரையின் கசப்பைப் பற்றியும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1901 முதல் கிள்ளான் பகுதியில் மல்கம் வாட்சன் என்ற மருத்துவர் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்தார். பிறகு மலைத் தோட்டங்களில் காட்டை வெட்டி ஓடைகளில் வெயில் படச் செய்ததும் வேறொரு வகைக் கொசு பெருகி நோய் கூடியதை அவர் கண்டார். அந்தத் தோட்டங்களில் மாண்டவர்களில் நம் தமிழ்க் கூலிகள் ஏராளம். பாட்டி அந்தக் கதைகளைச் சொன்னபோது, முடிந்துபோன காலத்தின் கதைகள் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் இப்போது ஒப்பந்தம் எழுதும்போது, காட்டோரப் பணி மாலை ஐந்து மணிக்கு முடியும் என்றும், தங்குமிடத்துக்கு வலைக்கம்பி அடித்துத் தர வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்க்கிறேன். ஒருவர் மறுத்தார், அந்த வேலையை விட்டேன். மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சென்ற மாதம், கோத்தா மருடுவில் எனக்கு அளவுகோல் பிடித்த டூசுன் இனத்து இளைஞன் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தான். காய்ச்சல் தொடங்கி ஆறு மணி நேரம் ஆகிறது, முன்பு உங்களுக்கு வந்த அதே குளிர் என்றான். வேறொன்றும் கேட்காமல், பெரிய மருத்துவமனைக்குப் போ, காட்டில் வேலை என்று முதலில் சொல், பி.எஃப்.எம்.பி. என்று கேள் என்றேன். நள்ளிரவில் அவனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: நோலெசி, எண்ணிக்கை எண்ணூறு, மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.